ஃபார்வர்ட் வீடியோ பொய்யான்னு பாக்குறது எப்படி, பொய்னா என்ன பண்றது

குடும்ப குரூப்புல "உடனே எல்லாருக்கும் அனுப்புங்க"ன்னு ஒரு வீடியோ வந்தா மொதல்ல அதுக்கு மேல பாருங்க, ரெட்டை அம்புக்குறி இருந்துச்சுன்னா அது எங்கெங்கயோ சுத்தி வந்தது, அனுப்பின சித்தப்பாவுக்கே எங்கருந்து வந்துச்சுன்னு தெரியாது, அவர்கிட்ட சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல.

அடுத்து சத்தத்தை ம்யூட் பண்ணி, கேப்ஷனையும் கண்டுக்காம ஒருதரம் பாருங்க. 2023 மார்ச்ல தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளிங்கள அடிச்சுக் கொல்றாங்கன்னு வடக்க பரவுச்சே, அதுல ரெண்டு வீடியோவப் பத்தி அப்ப டிஜிபியா இருந்த சைலேந்திர பாபு விளக்கம் குடுத்தார். ஒண்ணு திருப்பூர்ல பீகார்காரங்க ரெண்டு கோஷ்டிக்குள்ளயே நடந்த அடிதடி, இன்னொண்ணு கோயம்புத்தூர்ல உள்ளூர் ஆளுங்க சண்டை. அதாவது அடிதடி நெஜமாவே நடந்துச்சு, பொய் இருந்தது கேப்ஷன்ல. அதனால எடிட் பண்ணதான்னு மட்டும் தேடிட்டு இருக்காதீங்க, எங்க, எப்ப, யாரு யாரை அடிக்கிறாங்கன்னு பாருங்க.

எங்கன்னு தெரிய வண்டி நம்பர் பிளேட்டே பெரும்பாலும் போதும், டிஎன்னா கேஏவா ஆர்ஜேவான்னு பாருங்க, கடை போர்டு என்ன மொழின்னு பாருங்க. போர்டோ கட்டடமோ தெளிவா தெரியிற எடத்துல பாஸ் பண்ணி ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸ்ல போட்டா பழைய வீடியோன்னா அந்த நியூஸ் சிக்கும், ஒரு ஃபிரேம்ல வரலன்னா வேற ஃபிரேம். லென்ஸ்ல எதுவும் வரலன்னா உடனே உண்மைன்னு நம்பிடாதீங்க. அந்த பீகார் வதந்தி சமயத்துலயே அடிபட்ட மாதிரி கட்டு போட்டு ஆளுங்கள நடிக்கவச்சு ஒரு வீடியோ வந்துச்சு, அது பாட்னாவுலயே எடுத்ததுன்னு பீகார் போலீஸே சொன்னாங்க. இப்படி புதுசா எடுத்தது எதுவும் லென்ஸ்ல சிக்காது. ஊர் பேரு, ஸ்டேஷன் பேரு, ஆஸ்பத்திரி பேரு எதுவுமே சொல்லாத வீடியோவ அனுப்பாதீங்க, அவ்ளோதான்.

கம்ப்ளெயின்ட் குடுக்கணும்னா "பொய் சொல்றாங்க"ன்னு மட்டும் எழுதினா நிக்காது. அரசியல் சட்டம் 19(2)ல பேச்சைக் கட்டுப்படுத்த சொல்லியிருக்குற காரணங்கள்ல பொய்ங்கிறது தனியா கெடையாது, பொது அமைதி, அவதூறு இந்த மாதிரிதான் இருக்கு. ஆன்லைன்ல புண்படுத்துற, பொய்யான மெசேஜ் அனுப்பினா தண்டிக்கிற ஐடி சட்டம் 66ஏ பிரிவை 2015லயே சுப்ரீம் கோர்ட் தூக்கிடுச்சு. அதனால இந்த வீடியோவால எந்த ஆளுங்களுக்கு என்ன ஆபத்துன்னு எழுதுங்க, ரெண்டு பிரிவுக்குள்ள பகைய மூட்டுற பொய்க்கு பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதிலா வந்த குற்றச் சட்டம்) 353வது பிரிவு இருக்கு.

பொய் சொன்னாலே உள்ள தள்ளணும்னு கேக்குறவங்க, எது பொய்னு யாரு முடிவு பண்றதுன்னும் சேத்து யோசிங்க. ஒன்றிய அரசு தன்னப் பத்தின செய்தி பொய்யான்னு தானே சொல்ல ஒரு யூனிட் வைக்கிறதா 2023ல ரூல் போட்டுச்சு, 2024 செப்டம்பர்ல பாம்பே ஹைகோர்ட் அதை ரத்து பண்ணுச்சு, என்னக் கேட்டா சரியான தீர்ப்பு. நம்ம ஊர் கவர்மென்ட்டும் லேசுப்பட்டது இல்ல, அந்த பீகார் விவகாரத்துல ஒரு யூடியூபர் மேல என்எஸ்ஏவே (விசாரணை இல்லாமலே உள்ள வைக்கிற தேசிய பாதுகாப்புச் சட்டம்) போட்டாங்க, அப்புறம் மதுரை பெஞ்ச் அதை ரத்து பண்ணிடுச்சு. கேஸ் போட்டது சரி, என்எஸ்ஏ ஓவர்.

கம்ப்ளெயின்ட்டுக்கு முன்னாடி போஸ்ட்டோட லிங்க், தேதி தெரியிற ஸ்கிரீன்ஷாட், வீடியோ எல்லாத்தையும் சேவ் பண்ணிடுங்க, விஷயம் பெருசானா மொதல்ல டெலிட் பண்றது போஸ்ட் போட்டவங்கதான்.