நெட்எம் வைத்து சர்வீஸைச் சோதிப்பது: எமுலேட்டர் ஏமாற்றும் இடங்கள்

ஒரே ரேக்கில் இருக்கும் சர்வர்களுக்கு நடுவே தாமதம் 1 மில்லிசெகண்டைக்கூடத் தொடாது. அங்கே பாஸான டைம்அவுட்டும் ரீட்ரையும் 150 மில்லிசெகண்ட் தள்ளியிருக்கும் பயனரிடம் எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரியாது. அதை முன்கூட்டியே பார்க்கத்தான் எமுலேஷன். அதில் நிரலும் கர்னலும் நிஜம். நடுவிலுள்ள பாதை மட்டும் போலி. பாக்கெட்டுகளைத் தாமதப்படுத்தியும் தவறவிட்டும் அந்தப் பாதையை உருவாக்குவது நெட்எம் என்ற லினக்ஸ் வசதி.

குறைந்தது 3 மெஷின் வேண்டும்: லோடு கொடுக்கும் கிளையன்ட், சர்வீஸ் ஓடும் சர்வர், இரண்டுக்கும் நடுவில் லினக்ஸ் ரவுட்டர். தாமதம், இழப்பு எல்லாவற்றையும் ரவுட்டரிலேயே வையுங்கள். அனுப்பும் மெஷினிலேயே நெட்எம் போட்டால், பாக்கெட் விழுந்த சேதி அங்கிருக்கும் டிசிபிக்கு உடனே போய்விடும். அது சத்தமில்லாமல் மறுபடி அனுப்பி, இழப்பே இல்லாததுபோல் காட்டும். ரவுட்டரில், பல பாக்கெட்டுகளை ஒன்றாக ஒட்டிக் கையாளும் ஜிஆர்ஓ, ஜிஎஸ்ஓ, டிஎஸ்ஓ மூன்றையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் 64 கேபி வரை ஒட்டிய மூட்டையை நெட்எம் ஒரே பாக்கெட்டாக எண்ணும். ஒன்று விழுந்தால் நாற்பதுக்கு மேல் சேர்ந்து விழும்.

ஃபைபரில் ஒளி 1 மில்லிசெகண்டில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். 4,000 கிலோமீட்டருக்குப் போய்வர 40 மில்லிசெகண்ட். கேபிள் நேர்கோட்டில் போகாததால் நிஜத்தில் இன்னும் கூடும். நெட்எம் வெளியே போகும் பாக்கெட்டுகளை மட்டுமே தொடும். அதனால் ரவுட்டரின் இரண்டு இன்டர்ஃபேஸிலும் பாதிப்பாதி: போய்வர 80 வேண்டுமென்றால் 40, 40. இரண்டிலும் 80 போட்டுவிட்டு, சர்வீஸ் மெதுவாக இருக்கிறது என்று புலம்புவது அடிக்கடி நடப்பதுதான்.

அதைவிட மோசமானது லிமிட். நெட்எம் வரிசையில் இயல்பாக 1,000 பாக்கெட்டுக்குத்தான் இடம். ஒரு திசையில் 100 மில்லிசெகண்ட் தாமதம் வைத்தால், 100 மில்லிசெகண்டுக்கு 1,000 பாக்கெட், அதாவது 1,500 பைட் கணக்கில் 120 எம்பிபிஎஸ்தான் தாண்டும். மிச்சமெல்லாம் கீழே விழும். 1 ஜிபிபிஎஸ் ஓட வேண்டுமென்றால் பாதையில் எந்நேரமும் 12.5 எம்பி மிதக்கும். அது சுமார் 8,300 பாக்கெட். லிமிட்டை 12,000 என்று வையுங்கள். இழப்பே கேட்காதபோது டிசி (நெட்எம்மை அமைக்கும் கட்டளை) காட்டும் புள்ளிவிவரத்தில் டிராப் எண்ணிக்கை ஏறினால், முதலில் இதைப் பாருங்கள்.

ஜிட்டரை, அதாவது தாமதத்தின் ஏற்ற இறக்கத்தை, தாராளமாகப் போடாதீர்கள். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனித்தனி தாமதம் விழுவதால் வரிசை கலைந்துபோகும். டிசிபி அதை இழப்பு என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். வேகத்துக்கு வரம்பு வைத்து, குறுக்கே வேறு டிராஃபிக்கை ஓட்டினால், நெரிசலிலிருந்து ஜிட்டர் தானாகவே பிறக்கும். இழப்பும் கொத்துக்கொத்தாக வருவதுதான் நிஜம். சீரான சதவீதத்துக்குப் பதில் நெட்எம்மிலுள்ள, கொத்தாக இழக்கவைக்கும் கில்பர்ட்-எலியட் மாதிரியை எடுங்கள்.

சோதனைக்கு முன் எமுலேட்டரையே அளந்துவிடுங்கள். முதலில் பிங். பிறகு போய்வர 100 மில்லிசெகண்ட், 1% சீரான இழப்பு வைத்து, ரீனோவில் (டிசிபியின் பழைய நெரிசல் கட்டுப்பாட்டு முறை) ஒரே டிசிபி இணைப்பை ஐபெர்ஃப் என்ற வேகம் அளக்கும் கருவியால் ஓட்டினால் 1.4 எம்பிபிஎஸ் சுமாருக்கு வர வேண்டும். 50 வந்தால் இழப்பு எங்கோ விழாமல் இருக்கிறது. லோடு ஓடும்போதும் பிங்கை நிறுத்தாதீர்கள். வேக வரம்பே இல்லாத பாதையில் பிங் 80 மில்லிசெகண்டிலிருந்து 95 ஆனால், பெரும்பாலும் ரவுட்டரின் சிபியு திணறுகிறது. அந்த முடிவுகளைத் தூக்கிப் போடுங்கள்.

கிளையன்டுகளைப் பெருக்கும்போது முதலில் தீர்வது போர்ட். லினக்ஸின் இயல்பு வரம்பு 32768 முதல் 60999 வரை. ஒரு ஐபியிலிருந்து ஒரே சர்வர் போர்ட்டுக்கு 28,232 இணைப்புகள்தான். 1 லட்சத்துக்கு 4 ஐபி வேண்டும். நேம்ஸ்பேஸ் (ஒரே மெஷினுக்குள் தனித்தனி நெட்வொர்க்) வைத்துப் பெருக்கினால், அவற்றை இணைக்கும் மென்பொருள் சுவிட்சான லினக்ஸ் பிரிட்ஜ் ஒன்று 1,023 இணைப்பு முனைகளோடு (இவற்றுக்கும் போர்ட் என்றே பெயர்) நின்றுவிடும். ஐபி முகவரிக்கான வன்பொருள் முகவரியைக் குறித்துவைக்கும் ஏஆர்பி அட்டவணையின் இயல்பு உச்சவரம்பும் 1,024தான். இரண்டாவதை சிஸ்கண்ட்ரோல் என்ற கர்னல் அமைப்புக் கட்டளையில் உயர்த்தலாம். முதலாவதற்குக் கிளையன்டுகளைப் பல பிரிட்ஜுகளாகப் பிரிக்க வேண்டும்.