குதிநாண் நோவுக்குப் பின் மீண்டும் மைதானத்தில்

கெண்டைக்காற் தசையைக் குதி எலும்புடன் இணைக்கும் குதிநாணில் ஏற்பட்ட நோவினால் எட்டு மாதங்கள் உதைபந்தாட்டத்தை விட்டிருந்த நான், நோவு தணிந்ததும் முற்றவெளி மைதானத்தில் முழு ஆட்டம் ஆடிவிட்டு, மறுநாட் காலையில் காலை ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓய்வு நோவைத் தணிக்குமேயன்றி நாணுக்கு வலுவைத் தராது என்பதை இயன்மருத்துவர் விளக்கிய பின்னரே உணர்ந்தேன்.

வாசற்படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, இரு கால்களாலும் எழும்பி, நோவுள்ள காலால் மட்டும் குதியை மிக மெதுவாகப் படிக்குக் கீழே இறக்குவதை, காலையும் மாலையும் 15 தடவைகள் வீதம் மூன்று சுற்றுகளாக, 12 கிழமைகள் தவறாமற் செய்தேன். பிற்பகுதியில் ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என ஆரம்பித்தேன். விடிந்ததும் இறுக்கம் கூடியிருந்தால் அன்று ஓட்டத்தைக் கூட்டவில்லை. அந்தக் காலைச் சோதனைதான் எனக்கு மிகவும் கைகொடுத்தது. இப்போது இரண்டாம் பாதியில் மட்டும் ஆடுகிறேன்.