ஆங்கில எழுத்துகளின் ஒலிகளைத் தமிழ்க் குழந்தைக்குக் கற்றுத் தருவது எப்படி?

ஆங்கிலத்தில் எழுத்துகள் 26. ஒலிகளோ, பிரிட்டிஷ் உச்சரிப்பைக் கணக்கில் கொண்டால், ஏறத்தாழ 44. எழுத்துகள் போதாமையால் ஒரே எழுத்து பல ஒலிகளைச் சுமக்கிறது, இரண்டு மூன்று எழுத்துகள் கூடி ஓர் ஒலியைத் தருகின்றன, சில எழுத்துகளோ வாயே திறப்பதில்லை. ஆயினும் தொடக்கப் பள்ளிக் குழந்தை சந்திக்கும் சொற்களில் பெரும்பகுதி ஓர் ஒழுங்குக்குள் அடங்குவதால், அந்த ஒழுங்கை முதலில் கற்பித்து, விலக்குகளைப் பின்னால் வைத்துக்கொள்வது நல்லது.

எழுத்தின் பெயரைவிட ஒலியை முதலில் சொல்லிக் கொடுங்கள். எஸ், ஐ, டி என்ற பெயர்களை மட்டும் அறிந்த குழந்தையால் அவற்றைக் கூட்டி 'சிட்' என்று படிக்க முடியாது; ஸ், இ, ட் என்று ஒலிகளாக அறிந்த குழந்தையால் முடியும். மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் உயிரொலி நீங்கிவிடும் என்பதும், க் உடன் இ சேர்ந்தால் கி ஆகும் என்பதும் தமிழ்க் குழந்தைக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால், இந்த இடத்தில் அதற்கு ஒரு வசதி உண்டு. அதைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்களாகிய நாம்தான்: அகரம் சேர்த்து 'ட' என்றோ, உகரம் சேர்த்து 'டு' என்றோ சொல்லிக் கொடுத்துவிட்டு, பிள்ளை 'சிட்டு' என்று படித்தால் கடிந்துகொள்கிறோம். புள்ளி வைத்த மெய்யாகவே, சுருக்கமாக, ஒலித்துக் காட்டுங்கள்.

அகர வரிசைப்படி ஏ, பி, சி என்று ஒலிகளைத் தொடங்க வேண்டியதில்லை. இங்கிலாந்துப் பள்ளிகள் பலவற்றில் எஸ், ஏ, டேபிளில் வரும் டி, பென்சிலில் வரும் பி, ஐ, என் ஆகிய ஆறு எழுத்துகளைத்தான் முதலில் கற்பிக்கிறார்கள்; ஏனெனில் இந்த ஆறைக் கொண்டே சிட், பின், டின், டிப் முதலிய பல சொற்களைப் படித்துவிடலாம். மூன்று அட்டைகளை இடைவெளி விட்டு வரிசையாக வையுங்கள். ஒவ்வோர் அட்டையையும் தொடும்போது குழந்தை அதன் ஒலியைச் சொல்லட்டும்: ப், இ, ன். பிறகு அட்டைகளை நெருக்கி வைத்து, விரலை இடமிருந்து வலமாக நிறுத்தாமல் இழுக்கச் சொன்னால், 'பின்' என்று தானே வந்துவிடும். இப்போது முதல் அட்டையை மட்டும் மாற்றினால் அது 'டின்' ஆகிறது. ஒரே ஓர் ஒலியை மாற்றினால் சொல்லே மாறிவிடுவதைக் குழந்தை கண்ணால் பார்க்கிறது.

தமிழ் எழுத்து வேறுபடுத்திக் காட்டாத ஒலிகளுக்குத் தனிக் கவனம் தேவை. குண்டூசியைக் குறிக்கும் பின், குப்பைத்தொட்டியைக் குறிக்கும் பின் ஆகிய இரண்டையும் தமிழில் எழுதினால் வேறுபாடே தெரியாது. அவற்றின் முதலெழுத்துகளின் பெயர்களும் தமிழில் 'பி' என்றே எழுதப்படுகின்றன. வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துக்கொண்டு முதல் சொல்லைக் காற்றோடு சொன்னால் தாள் ஆடும். இரண்டாவதற்கு அவ்வளவாக ஆடாது. பூனையைக் குறிக்கும் சொல்லின் நடுவில் வரும் உயிரொலிக்கும் தமிழில் எழுத்தில்லை. 'எ' சொல்வதற்கு வாயை வைத்துக்கொண்டு தாடையை இன்னும் கீழே இறக்கினால் அது கிடைக்கும். ஆகவே ஆங்கிலச் சொற்களுக்கு மேல் தமிழில் உச்சரிப்பு எழுதித் தரும் வழக்கத்தைக் கைவிடுங்கள். (பெரியவர்களுக்கான இக்கட்டுரையில் நான் செய்வது அதைத்தான் என்பது வேறு விஷயம்.)

தனி எழுத்துகள் கைவந்த பிறகு கூட்டெழுத்துகளுக்குச் செல்லலாம். எஸ், எச் இரண்டும் சேர்ந்தால் ஷ். சி, எச் சேர்ந்தால் பெரும்பாலும் 'பச்சை'யில் வரும் ச். கப்பலைக் குறிக்கும் 'ஷிப்' என்ற சொல்லில் எழுத்துகள் நான்கு, ஒலிகள் மூன்று. தாளில் மூன்று கட்டங்கள் வரைந்து, ஒரு கட்டத்துக்கு ஓர் ஒலி என்று எழுதச் சொன்னால், முதல் கட்டத்துக்குள் இரண்டு எழுத்துகள் ஒன்றாகக் குடியிருப்பது குழந்தைக்குப் புரியும்.

அடுத்து, சொல்லின் இறுதியில் ஒலிக்காமல் நிற்கும் இ. அது முன்னால் உள்ள உயிரெழுத்தின் ஒலியை மாற்றிவிடும்: கிட் என்பது கைட் ஆகும், பின் என்பது பைன் ஆகும், கட் என்பது க்யூட் ஆகும். சி என்ற எழுத்துக்குப் பின் இ, ஐ, ஒய் வந்தால் ஸ் என்றும், பிற இடங்களில் பொதுவாக க் என்றும் ஒலிக்கும் என்பது நம்பத்தகுந்த விதி. ஜி எழுத்துக்கும் இதே விதியைச் சொல்வார்கள். ஆனால் கெட், கிவ், கேர்ள் போன்ற அன்றாடச் சொற்களே அதை மீறுவதால் நான் அதை விதியாகக் கற்பிப்பதில்லை.

குழந்தை உண்மையிலேயே ஒலி கூட்டிப் படிக்கிறதா, மனப்பாடமாக ஒப்பிக்கிறதா என்று அறிய, பொருளற்ற சொற்களைக் கொடுத்துப் பாருங்கள். 2012 முதல் இங்கிலாந்தில் முதலாண்டுக் குழந்தைகளுக்கு நடத்தப்படும் தேர்வில் 40 சொற்களில் 20 இத்தகையவைதான். என், ஐ, எஸ் என்று எழுதிக் காட்டும்போது தயங்காமல் 'நிஸ்' என்று படித்தால் அடிப்படை உறுதியாகிவிட்டது.

'நைஃப்' என்ற சொல்லின் தொடக்கத்தில் கே எதற்கு என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். ஒரு காலத்தில் அது ஒலித்தது. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்துக்கு அச்சகத்தைக் கொண்டுவந்த பின் எழுத்து மெல்ல நிலைபெற்றுவிட, பேச்சு தொடர்ந்து மாறிக்கொண்டே போயிற்று என்று உண்மையையே சொல்லலாம்.

விதிக்கு அடங்காத சொற்களை முழுதாக உருப்போட வைக்காமல், அடங்காத பகுதியை மட்டும் வண்ணத்தில் அடிக்கோடிடச் செய்யுங்கள். 'சொன்னார்' என்று பொருள்படும் 'செட்' என்ற சொல்லில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் தத்தம் ஒலியைத்தான் தருகின்றன. நடுவில் உள்ள ஏ, ஐ மட்டுமே எ என்று ஒலித்து முரண்டு பிடிக்கின்றன. குழந்தை அந்த இடத்தில் இ என்ற ஒற்றை எழுத்தை எழுதினால், அது ஒலியைச் சரியாகக் கேட்டிருக்கிறது என்று பொருள். சிவப்பு மையால் முழுச் சொல்லையும் அடிக்காமல், மாற்ற வேண்டிய அந்த ஓர் எழுத்தை மட்டும் சுட்டிக்காட்டுங்கள்.