வேலை நீக்கம்: 60 நாளைக் கோட்டை விடாதீர்கள்

மலேசியாவில் நியாயமான காரணமில்லாமல் நீக்கப்பட்ட தொழிலாளி, 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்கீழ் தொழிலுறவு இலாகாவில் முறையிடலாம். ஆனால் தொழிற்சங்கப் பொறுப்புக்குப் புதிதாக வரும் கிளைச் செயலாளர்கள், முன்பிருந்தவர்கள் சறுக்கிய அதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கடிதங்களைப் பத்திரமாக வைப்பது போன்ற எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களை விட்டுவிடுகிறேன்.

முதலில் அப்பீல், அப்புறம் மனு

ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர், 14 வருட சர்வீஸ். திருட்டுக்குத் துணைபோனதாகச் சொல்லி, விசாரணையே இல்லாமல் நீக்கினார்கள். கிளைச் செயலாளரோ, "முதலில் நிர்வாகத்துக்கு அப்பீல் போடுவோம் அண்ணே" என்றிருக்கிறார். நிர்வாகமும் "பரிசீலிக்கிறோம்" என்று இனிக்க இனிக்கப் பேசியது. அப்பீலை நிராகரித்த கடிதம் வந்தது 62ஆவது நாள். தொழிலுறவு இலாகா அதிகாரி நீக்கிய தேதியை மட்டும் பார்த்தார். அவ்வளவுதான், கதை முடிந்தது.

நீக்கிய 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனு பதிவாக வேண்டும். அந்த இலாகாவின் தலைமை இயக்குநராலும் அதை நீட்டிக்க முடியாது. விடுமுறை நாளும் கணக்கில் சேரும். அப்பீல் நிலுவையில் இருந்தாலும் நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நோட்டீஸ் கொடுத்து நீக்கியிருந்தால் நோட்டீஸ் காலத்திலேயே மனு செய்யலாம். அந்தக் காலம் முடிந்த பிறகும் 60 நாள் உண்டு.

அப்பீலே வேண்டாம் என்று சொல்லவில்லை. இலாகாவில் மனுவைப் பதிந்துவிட்டு எழுதுங்கள். நிர்வாகம் இறங்கிவந்தால் மனுவை மீட்டுக்கொள்ளலாம். "நிர்வாகம் கோபித்துக்கொள்ளுமே" என்கிறார்கள். வேலையை விட்டே துரத்தியாயிற்று, இனிமேல் என்ன கோபம்!

அந்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் இழந்தது என்ன? தொழில்துறை நீதிமன்றத்தில் ஜெயித்திருந்தால் 24 மாதம் வரை பின்சம்பளம், அதாவது வேலையில்லாமல் இருந்த காலத்துக்கான சம்பளம். திரும்ப வேலையில் சேர்க்காவிட்டால் அதற்கு ஈடாக, வழக்கமாக வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம். 14 வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுத்துவிட்டோமே

அது வேறு இலாகா, சம்பள பாக்கிக்கு. இந்த 60 நாளுக்கு உதவாது.

"நஷ்டஈடு மட்டும் போதும்"

மனுவில் கேட்க வேண்டியது மீண்டும் வேலை. 20ஆவது பிரிவு அதற்குத்தான். நஷ்டஈடு அதற்குப் பதிலாக வருவது.

ராஜினாமா எழுதிக் கொடுப்பது

கொடுக்காதீர்கள். நீக்கினால், காரணத்தை நிரூபிப்பது முதலாளி பாடு. ராஜினாமா என்றால், மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிப்பது உங்கள் பாடு.

சமரசப் பேச்சுக்கு வழக்கறிஞரை அழைத்துப் போவது

மனுவுக்குப் பிறகு தொழிலுறவு இலாகா நடத்தும் இந்தப் பேச்சுக்கு வழக்கறிஞரை உள்ளே விடமாட்டார்கள். சங்கப் பிரதிநிதி போகலாம்.

"தகுதிகாண் காலம்தானே, உரிமை கிடையாது"

உண்டு. பின்சம்பளம்தான் 12 மாதத்தோடு நின்றுவிடும். 60 நாள் கெடு அவர்களுக்கும் அதேதான்.