ஹட்டன் பஸ்ஸில் கொஞ்சம் கொரிய மொழி

கொரியாவுக்கு வேலைக்குப் போக மொழிப் பரீட்சை எழுதும் தம்பி, தங்கைகளே, ஞாயிறு வகுப்பை மட்டும் நம்பாதீர்கள். நாள்தோறும் இருபது நிமிடமாவது வாய்விட்டுப் படியுங்கள்.

அடிப்படை எழுத்துகள் 24 தான்: 14 மெய், 10 உயிர். அவை கைக்கு வந்தபின் உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள்.

வாக்கிய அமைப்பு நமக்குப் பெரிய வரம். 'நானுன் பாபுல் மொகோயோ' என்றால் 'நான் சோற்றைச் சாப்பிடுகிறேன்'. 'பாப்' சோறு, 'உல்' நம் 'ஐ' உருபின் வேலையைச் செய்கிறது, வினை கடைசியில் வருகிறது. ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போகாமல் தமிழிலிருந்தே நேராகப் பாருங்கள், பாதிச் சுமை இறங்கிவிடும். இரவுச் சாப்பாட்டில் கை வைக்கும்போதெல்லாம் இந்த வாக்கியத்தைச் சொல்லுங்கள்.

எண்கள்தான் இடறும், ஏனென்றால் இரண்டு வரிசைகள் உண்டு. பொருள்களை எண்ண ஹானா, தூல், செத். பணத்துக்கும் தேதிக்கும் இல், ஈ, சாம். தோட்டத்து லயன் வீட்டிலிருந்து சந்திக்கு இறங்கும் படிகளை முதல் வரிசையில் எண்ணுங்கள். பஸ் டிக்கெட் காசை இரண்டாவது வரிசையில் சொல்லிப் பாருங்கள். ஹட்டனில் ஏறினால் தலவாக்கலை வருவதற்குள் ஒரு சிறு ஒலிப்பதிவை மூன்று தடவை கேட்டுவிடலாம்.