வன்னி வளவில் தோடம்பழ நிறப் பூக்கள்

செவ்வரத்தையும் நித்தியகல்யாணியும் நல்ல பூமரங்கள்தான், ஆனால் துளசி, தும்பை, புதினா சேர்ந்த குடும்பத்தில் தோடம்பழ நிறத்தில் பூப்பவையும் இருக்கின்றன, வன்னி வெயிலையும் தாங்கும். வேரில் தண்ணீர் தேங்கினால் மட்டும் அழுகிவிடும். அதனால் மாரியில் வெள்ளம் நிற்காத, முழு வெயில் விழும் இடமாகப் பாருங்கள். வயல் பக்கக் களிமண் என்றால் ஒரு சாண் உயரத்துக்காவது மேட்டுப்பாத்தி போட வேண்டும்.

முதலில் லியோனோட்டிஸ் நெபெட்டிபோலியா. ஒரு பருவச் செடி, ஆள் உயரத்தைத் தாண்டும், நேராகப் போகும் தண்டில் கணுவுக்குக் கணு பந்து பந்தாகப் பூக்கும், தேன்சிட்டு தேடி வரும். புரட்டாதியில், பெருமழைக்கு முன், மணலும் மக்கிய சாணியும் கலந்த தட்டில் விதையைத் தூவி மேலே மெல்லியதாக மண் போடுங்கள். நான்கைந்து இலை வந்ததும் இரண்டடி இடைவெளியில் நடலாம். யூரியா வேண்டவே வேண்டாம், இலைதான் கொழுத்து வளரும், அப்புறம் வாடைக்காற்றுக்குச் சாய்ந்துவிடும். முழங்கால் உயரத்தில் நுனியைக் கிள்ளினால் கிளைக்கும், ஆனால் கிள்ளாமல் ஒற்றைத் தண்டாக விட்டுத் தடி கட்டுவதுதான் எனக்குப் பிடிக்கும், அந்தப் பந்து அடுக்கின் அழகே தனி.

காய்ந்த பந்து குத்தும், பிள்ளைகள் ஓடும் பாதையோரம் நடாதீர்கள். விதை கொட்டுமுன் பந்துகளை வெட்டி, வேண்டியதை மட்டும் எடுத்து வையுங்கள். ஆஸ்திரேலியாவில் இது களையாகவே பரவிவிட்டது, நமது காட்டோரங்களிலும் அப்படி ஆக விடக்கூடாது.

இதன் தென்னாபிரிக்க உறவு லியோனோட்டிஸ் லியோனூரஸ் பல ஆண்டு நிற்கும் புதர். கிடைத்தால் அதையும் மேட்டில் வையுங்கள்.

வேலியோரத்துக்கு ஹோம்ஸ்கியோல்டியா, அதாவது சீனத்தொப்பிச் செடி. இமயமலை அடிவாரத்துக்காரி. பென்சில் தடிப்புக் கம்பை மாரி காலத்தில் வெட்டி நிழலில் ஊன்றினால் வேர் பிடிக்கும். தொப்பி போல விரிவது பூவின் அடியில் இருக்கும் புல்லிவட்டம், நடுக்குழல்தான் பூ. பூ உதிர்ந்த பிறகும் தொப்பி பல நாள் நிறம் மாறாமல் நிற்கும். புதுத் தளிரில்தான் பூக்கும் என்பதால் பூத்து முடிந்ததும் நன்றாகக் கத்தரியுங்கள்.

சோளகம் வீசும் மாதங்களில் அடியில் காய்ந்த சருகு பரப்பி, தினமும் தெளிக்காமல் கிழமைக்கு இரண்டு தரம் ஆழ நனையுங்கள். மத்தியானம் இலை சோர்ந்தால் பதறி ஊற்ற வேண்டாம், பொழுதுபட்ட பிறகும் நிமிராவிட்டால் மட்டும் ஊற்றுங்கள்.