மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து இங்கிலாந்தில் வழக்கறிஞர் தேடியது

மகள் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வேலைக்குச் சேர்ந்ததும் அங்கே ஒரு ஃப்ளாட் வாங்க முடிவு செய்தோம். வீட்டு ஏஜெண்ட் தனக்குத் தெரிந்த வழக்கறிஞரையே சொன்னார். விற்பவரிடம் கமிஷன் பெறும் ஏஜெண்ட் காட்டும் ஆளை அமர்த்த எனக்கு மனம் ஒப்பவில்லை.

அங்கே வீடு வாங்கும் சட்ட வேலைகளைப் பார்க்கும் வழக்கறிஞர்களான சொலிசிட்டர்களைக் கண்காணிப்பது சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அத்தாரிட்டி. அதன் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடி, உரிமம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பிறகு சிலருக்கு ஒரே கேள்விகளை அனுப்பினேன்: லீஸ்ஹோல்ட் (நீண்ட காலக் குத்தகை) வீடுகளில் அனுபவம் உண்டா, கட்டணத்தில் எதெல்லாம் அடங்கும், எங்களுக்கு முத்திரை வரி எவ்வளவு?

வரிக் கேள்விதான் ஆளைக் காட்டிக்கொடுத்தது. ஒருவர் மட்டுமே தெளிவாக எழுதினார்: வெளிநாட்டில் வசிப்பவருக்கு 2 விழுக்காடு கூடும், வேறு வீடு வைத்திருப்பவருக்கு இன்னொரு 5 விழுக்காடு கூடும், உங்கள் மலேசிய வீட்டின் மதிப்பு 40,000 பவுண்டைத் தொட்டால் அதுவும் கணக்கில் சேரும். அவரையே அமர்த்தினோம்.

வீடு வாங்கும் பணம் எப்படி வந்தது என்று வழக்கறிஞர் அலுவலகத்தில் துருவித் துருவிக் கேட்பார்கள். ஊழியர் சேமநிதி அறிக்கையை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். கடப்பிதழ் நகலுக்கு ஈப்போவில் ஒரு நோட்டரி பப்ளிக்கிடம் சான்று வாங்கினேன்.

பணம் அனுப்பும் முன், மின்னஞ்சலில் வந்த வங்கிக் கணக்கு எண்ணை அப்படியே நம்பாதீர்கள். மின்னஞ்சலுக்குள் புகுந்து எண்ணை மாற்றும் மோசடி வீடு வாங்குபவர்களைக் குறிவைத்தே நடக்கிறது. நான் தனியாகத் தேடியெடுத்த அலுவலக எண்ணுக்கு அழைத்து, ஒவ்வோர் இலக்கமாக வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்த பிறகே அனுப்பினேன்.